எந்த ரெக்கார்டு உசத்தி?

கொடைக்கானல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். குளிர் ஏற ஏற அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலை பார்க்கிறாள், உட்கார் என்றால் கேட்பதில்லை. ஏரியைச் சுற்றி வண்டி நெரிசல் வழக்கம்போலத்தான். மற்றதெல்லாம் போனிலேயே பேசியாகிவிட்டது.

போனில் பேசி முடியாதது ஒன்று பாக்கி. வெல்வெட் அண்டர்கிரவுண்டு என்ற நியூயார்க் ராக் பாண்டின் நாலு ரெக்கார்டில் எது உசத்தி என்று பிராகில் உன் ஆபீஸ் ஆட்கள் பீர்க்கடையில் நடுராத்திரி வரை அடித்துக்கொண்டதாகச் சொன்னாய். இரண்டு பேர் அட்டையில் வாழைப்பழம் போட்ட முதல் ரெக்கார்டு. ஒருத்தர் 'ஒயிட் லைட்/ஒயிட் ஹீட்'. நீ 'லோடட்' கட்சி. "ஊருக்கே கேசட்டுல காப்பி போட்டுக் குடுத்தவர் நீங்கதானேப்பா, தீர்ப்பு சொல்லுங்க" என்றாய். சொல்கிறேன் அம்மாடி. உனக்குப் பிடிக்காது.

வாழைப்பழத்திலிருந்தே வருகிறேன். எண்பதுகளின் நடுவில் வட்டக்கானலில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், வாடகைக்குக் காசு பற்றாமல் ஒரு பெட்டி ரெக்கார்டுகளை ஏழு ரோட்டுப் பக்கம் நம் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். 1967-இல் வந்த அந்த முதல் ரெக்கார்டு அதில் இருந்தது. அட்டையில், அப்போது பாண்டுக்கு மேனேஜராக இருந்த ஓவியர் ஆண்டி வார்ஹாலின் மஞ்சள் பழம். பழைய பிரதிகளில் தோல் ஒரு ஸ்டிக்கர், மெதுவாக உரித்தால் உள்ளே இளஞ்சிவப்பில் பழம் தெரியும். எனக்குக் கிடைத்ததில் யாரோ பாதி உரித்து, மனசு மாறித் திரும்ப ஒட்டப் பார்த்து, பசை கசிந்து தூசி அப்பிக் கிடந்தது. உன் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விருப்பாச்சியா இருந்தாலாவது பஞ்சாமிர்தத்துக்கு ஆகும்" என்றாள்.

டெக்கில் போட்டு கேசட்டுக்கு இறக்கினேன். 'ஹெராயின்' பாட்டு வந்ததும் எனக்குத் திக்கென்றது. வேகம் கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது. அந்தக் காலத்துக் கொடைக்கானல் கரண்ட் ஓல்டேஜ் உனக்குத் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் குண்டு பல்பு சிவந்துபோய்த் தொங்கும். ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தேன், 220-இல் ஆடாமல் நிற்கிறது. பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். ஓல்டேஜ் இறங்கினால் தட்டு மெதுவாகும், சுருதியும் கூடவே இறங்கும். இங்கே சுருதி அசையவில்லை. தாளம் மட்டும்தான் ஏறி இறங்குகிறது. அப்படியானால் அது கரண்ட் செய்கிற வேலை இல்லை, ஆள் செய்கிற வேலை.

அந்த ஆள் மோ டக்கர், பாண்டில் டிரம் அடித்த பெண். டிரம்முக்கு முன்னால் உட்கார மாட்டார், நின்றுகொண்டு அடிப்பார். பேஸ் டிரம்மைப் படுக்கப் போட்டு, குச்சிக்குப் பதிலாகத் தலையில் உருண்டை வைத்த மேலட்டால் தட்டுவார். சிம்பல் பக்கம் கை அபூர்வமாகத்தான் போகும். 'ஹெராயி'னில் ஐந்து நிமிடம் தாண்டி ஓர் இடத்தில் டிரம்மே காணாமல் போகும், கவனித்திருக்கிறாயா? கூச்சலில் மற்றவர்கள் வாசிப்பது காதில் விழவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன் என்று அவரே பிற்பாடு சொன்னார். அவர் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள் என்று பார்த்தார். ஒருத்தரும் நிறுத்தவில்லை. அதையே ரெக்கார்டில் போட்டுவிட்டார்கள்.

பாட்டின் பெயரைக் கேட்டு முகம் சுளித்த பெரியவர்கள் உண்டு. இந்த மலைக்குப் போதைக் காளான் தேடி வருகிற கூட்டத்தைப் பார்த்தே வயசான எனக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. போதையை அந்தப் பாட்டு புகழவும் இல்லை, ஏசவும் இல்லை.

பாண்டில் இன்னொருவர் ஜான் கேல். வேல்ஸ்காரர், வயலினுக்கு அண்ணனான வியோலா அவருடையது. 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாட்டில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிற மாதிரி ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே போவார். அதைக் கேட்டுவிட்டு நம் கடையில் வேலை பார்த்த பையன், "இது நம்ம ஆளு மாதிரில்ல இருக்கு" என்றான்.

இவ்வளவு சொல்லியும் முதல் ரெக்கார்டுக்கு என் ஓட்டு இல்லை. அது ஒரு கூட்டுக்குடித்தனம். ஜெர்மன் பாடகி நீகோவைச் சேர்க்கச் சொன்னவர்கள் வார்ஹால் தரப்பு. அவர் பாடிய மூன்று பாட்டும் அருமைதான், ஆனால் அவை ஒரு வீடு, பாட்டு எழுதிப் பாடும் லூ ரீட் பாடியவை வேறு வீடு. தவிர, தொழில்காரன் கணக்கு ஒன்றும் உண்டு. ரெக்கார்டு மொத்தம் 48 நிமிடத்துக்கு மேல். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45. கடைசிப் பாட்டு 'யூரோப்பியன் சன்' பாதியிலேயே அறுந்துவிடும். என்னிடம் காப்பி வாங்கியவர்களில் பலர், பாட்டே அங்கேதான் முடிகிறது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

1968 ஜனவரியில் வந்த 'ஒயிட் லைட்/ஒயிட் ஹீட்' நாற்பது நிமிடம், ஒரு பக்கத்தில் அடங்கும். ஆனால் கேசட் திரும்பி வரும். "அண்ணே, கேசட் கொரகொரங்குது, வேற போட்டுக் குடுங்க" என்பார்கள். கொரகொரப்புதான் ரெக்கார்டே என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 'சிஸ்டர் ரே' பதினேழு நிமிடமும் மீட்டர் முள் சிவப்பிலேயே கிடக்கும். நான் லெவலைக் குறைத்துப் பார்த்தேன். கொரகொரப்பு மூலத்திலேயே இருப்பதால், சத்தம் சின்னதாகுமே தவிர சுத்தமாகாது.

அதில் எனக்கு உயிரான சங்கதி 'தி கிஃப்ட்'. காதலியைப் பார்க்கப் போக வசதி இல்லாமல், தன்னையே பார்சல் கட்டித் தபாலில் அனுப்பிக்கொள்கிற ஒருவனின் கதை. கேல் தன் வேல்ஸ் உச்சரிப்பில் வாசிப்பது ஒரு ஸ்பீக்கரில், பாண்டு வாசிப்பது இன்னொரு ஸ்பீக்கரில். பேலன்ஸ் திருகை ஒரு பக்கம் திருப்பினால் கதை மட்டும், மறுபக்கம் திருப்பினால் வாத்தியம் மட்டும். மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் அந்தத் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பேன். உன் நண்பர் இந்த ரெக்கார்டுக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்றால் அவருக்கு என் வணக்கம். ஆனால் பீர்க்கடையில் அதற்காகச் சண்டை போடுகிறவர்கள் வீட்டில் அதை எத்தனை தடவை போடுகிறார்கள் என்று கேட்டுப் பார்.

இப்போது உன் கட்சி. 'லோடட்' 1970 நவம்பரில் வந்தது. கடைக்கு வந்தபோது லூ ரீட் பாண்டிலேயே இல்லை, ஆகஸ்டிலேயே விலகிப் போய்விட்டார். கேல் 1968-லேயே போயாகிவிட்டது. மோ டக்கர் பிள்ளைத்தாய்ச்சி, அதனால் அந்த ரெக்கார்டில் அவர் ஒரு அடிகூட அடிக்கவில்லை. கேலுக்குப் பதிலாக வந்த டக் யூலும் அவர் தம்பியும் இன்னும் இரண்டொருத்தரும் மாறி மாறி அடித்தார்கள். 'ஸ்வீட் ஜேன்' நடுவில் ஒரு பகுதியை வெட்டிவிட்டார்கள் என்று ரீட் கடைசிவரை புலம்பினார். அந்தப் பகுதி ஸ்டூடியோப் பதிவில் வெளியே வர 1995 ஆகிவிட்டது. பாட்டுகள் நல்ல பாட்டுகள், இல்லையென்று சொல்லவில்லை. 'ராக் அண்ட் ரோல்' வந்தால் உன் அம்மாகூட அடுப்படியிலிருந்து தலையாட்டுவாள். ஆனால் மோ இல்லாததை நான் எப்படி வெல்வெட் அண்டர்கிரவுண்டின் உச்சம் என்று ஒத்துக்கொள்வது? பந்தலும் மாலையும் ஜோர், பொண்ணைக் காணோம்.

என் ஓட்டு 1969 மார்ச்சில் வந்த மூன்றாவதுக்கு. பாண்டின் பெயரேதான் ரெக்கார்டின் பெயரும்.

கேலும் போய், வார்ஹாலும் போய், கூச்சலும் போன பிறகு பாடியது. கருவிகள் ஏர்போர்ட்டில் திருட்டுப் போனதால்தான் அடக்கி வாசித்தார்கள் என்று பாண்டின் கிதார்காரர் ஸ்டெர்லிங் மோரிசன் ஒரு கதை சொன்னார். அப்படியெல்லாம் இல்லை, வேண்டுமென்றே வாசித்ததுதான் என்றார் யூல். எனக்கு யூல் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. திருட்டுக் கொடுத்தவன் வாசிப்பில் ஒரு அவசரம் இருக்கும். இதில் அவசரமே இல்லை.

'கேண்டி சேஸ்' கேள். கேண்டி டார்லிங் என்ற திருநங்கையை மனசில் வைத்து ரீட் எழுதியது. தன் உடம்போடு சமாதானமாக முடியாத ஒருத்தியின் பேச்சு. எழுதியவர் தான் பாடாமல், புதிதாக வந்த யூலிடம் கொடுத்தார். யூல் குரலில் வேஷம் எதுவும் இல்லை. கடைசியில் 'ஆஃப்டர் அவர்ஸ்'. அந்த வெகுளித்தனம் என் குரலில் எடுபடாது என்று ரீட் மோவிடம் பாடச் சொன்னார். அவர் பாடகி இல்லை. கூச்சம் குரலில் அப்படியே தெரிகிறது, அதைச் சரிசெய்ய யாரும் முயலவும் இல்லை. முதல் இரண்டு ரெக்கார்டில் இவர்கள் எவ்வளவு தைரியசாலிகள் என்று காட்டினார்கள். மூன்றாவதில் காட்டிக்கொள்வதை விட்டார்கள். காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் சிரமம்.

(ஆமாம், அது 44 நிமிடத்துக்குள் அடங்கிவிடும், கேசட்டில் ஒரு பக்கம் முழுசாக உட்காரும். அதனால்தான் உங்களுக்குப் பிடிக்கிறது என்று சொல்லத்தான் போகிறாய்.)

வாழைப்பழக் கட்சிக்காரர்களின் வாதம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1982-இல் சொன்னதை எடுத்து நீட்டுவார்கள்: முதல் ரெக்கார்டு ஆரம்ப வருடங்களில் முப்பதாயிரம்தான் விற்றது, ஆனால் வாங்கிய ஒவ்வொருத்தரும் ஒரு பாண்டு ஆரம்பித்தார்கள் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் போட்டுக் கொடுத்த காப்பியை வாங்கியவர்களில் ஒருத்தரும் பாண்டு ஆரம்பிக்கவில்லை. ஒருத்தர் டாக்சி ஓட்டுகிறார். ஒருத்தர் பூம்பாறையில் மலைப்பூண்டு போடுகிறார், மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் மூன்றாவதில் வருகிற 'பேல் ப்ளூ ஐஸ்' முதல் வரியை முணுமுணுத்துவிட்டுத்தான் விலையே சொல்வார். கேட்டது அவருக்கு வீணா? பிள்ளைகள் பெரிய உத்தியோகத்தில் இருப்பதை வைத்துத் தாயின் சமையலுக்கு மார்க் போடக் கூடாது.

வெல்வெட் பாட்டுகள்தான் தங்கள் நாட்டு எதிர்ப்புக்கு விதை என்கிற உன் செக் நண்பர் வாதம் இன்னும் கனமானது, அதை லேசாகத் தள்ள மாட்டேன். 1968-இல் செக் நாடகாசிரியர் ஹாவெல் நியூயார்க்கிலிருந்து ரெக்கார்டு கொண்டு போனதும், ரஷ்ய டாங்கிகள் வந்த அதே வருடம் அங்கே பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ் என்ற பாண்டு ஆரம்பித்து வெல்வெட் பாட்டுகளை வாசித்ததும், 1976-இல் அவர்களைப் பிடித்து உள்ளே போட்டதும், அதை எதிர்த்துக் கூடியவர்கள் 1977-இல் சார்ட்டர் 77 என்ற மனித உரிமை அறிக்கையை வெளியிட்டதும் எல்லாம் நடந்தவை. 1990-இல் லூ ரீட் பிராகுக்கே போய், ஜனாதிபதியாகிவிட்ட ஹாவெலைப் பார்த்துப் பேசினார். ஆனால் அம்மாடி, ஜெயிலுக்குப் போனவர்கள் செக்காரர்கள். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பிடுங்கி நியூயார்க் பாண்டின் ஒரு தட்டுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உன் நண்பரின் அப்பா அம்மா அந்தக் காலத்து ஆட்களாக இருந்தால், அவர்கள் கையில் எந்த ரெக்கார்டின் எந்தக் காப்பி கிடைத்தது, டேப்பிலா தட்டிலா என்று விசாரித்து எழுது. அதுதான் எனக்கு வேண்டும்.

இன்னொன்று. மூன்றாவது ரெக்கார்டு இரண்டு மிக்ஸில், அதாவது குரலையும் வாத்தியங்களையும் இரண்டு விதமாகக் கலந்து, கிடைக்கிறது. ஒன்று ஒலிப்பதிவு இன்ஜினியர் வேல் வாலன்டின் செய்தது. மற்றது ரீட் தானே செய்தது, குரலைத் தூக்கி முன்னால் வைத்தது. அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்த மாதிரி இருக்கிறது என்று மோரிசன் கிண்டல் செய்ததால் அதற்கு அலமாரி மிக்ஸ் என்றே பெயர். 'சம் கைண்டா லவ்' பாட்டு ஒவ்வொன்றிலும் வேறு டேக், அதாவது வேறு தடவை பாடிப் பதிந்தது. நீங்கள் அங்கே எதைக் கேட்டுவிட்டு இதை மட்டம் தட்டினீர்கள் என்று முதலில் பார். அலமாரி மிக்ஸ் என்றால் வாதாடலாம். மற்றது என்றால் கேட்டுவிட்டு வா, அப்புறம் பேசிக்கொள்வோம்.

அடுத்த முறை வரும்போது டெக்குக்கு ரப்பர் பெல்ட் இரண்டு வாங்கி வா. இங்கே கிடைப்பது ஒரு மாசத்தில் தொளதொளத்துவிடுகிறது. அளவை வாட்ஸாப்பில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா