பழைய ரேடார் நாடாக்களுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஈஆர்எஸ்-1, ஈஆர்எஸ்-2 ஆகிய ரேடார் செயற்கைக்கோள்களிலிருந்து எங்கள் தரை நிலையம் பெற்றுக் காந்த நாடாக்களில் சேமித்து வைத்திருந்த மூல ரேடார் தரவுகளை மீண்டும் செயலாக்கிப் படங்களாக்கும் பணி நிறைவடைந்துள்ளது. இதற்குத் துணைநின்ற அனைவருக்கும் செயலாக்கப் பிரிவின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, அந்நாளில் ஆன்டெனாக் கட்டுப்பாட்டு அறையில் இரவும் பகலும் பணியாற்றியவர்களுக்கு உரியது. 1991 ஜூலையில் ஏவப்பட்ட ஈஆர்எஸ்-1, ரேடார் படத் தரவை நொடிக்கு 105 மெகாபிட் வீதம் அனுப்பியது. அவ்வளவு தரவைப் பதிந்து வைத்துக்கொள்ளும் வசதி செயற்கைக்கோளில் இல்லாததால், அது நிலையத்தின் பார்வைக்குள் வரும் சில நிமிடங்களில் பிடிக்காமல் விட்டது விட்டதுதான். எந்த நாடாவில் எந்தக் கடப்பு (செயற்கைக்கோள் நிலையத்தின் மேலாக ஒருமுறை கடந்து செல்வது) இருக்கிறது, எந்த நிமிடத்தில் சிக்னல் தளர்ந்தது என்று அவர்கள் பதிவேட்டில் கைப்பட எழுதிய குறிப்புகள் இல்லையென்றால், நேரக் குறியீடு சிதைந்த நாடாக்களை எங்களால் இனங்கண்டிருக்கவே முடியாது.

பசை இளகி, நாடாவைப் படிக்கும் கருவியின் காந்தத் தலையில் ஒட்டிக்கொண்ட நாடாக்களை மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்துப் பதப்படுத்தி, ஓட்டிப் படித்துக் கொடுத்த காப்பக ஊழியர்களின் பொறுமைக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

மூலத் தரவைத் திரையில் விரித்தால் இரைச்சலன்றி வேறெதுவும் தெரியாது. தரையிலுள்ள ஒரு புள்ளியின் எதிரொலி ஏறத்தாழ ஆயிரம் ரேடார் துடிப்புகளில் பரவிக் கிடக்கிறது. அவற்றின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) குலையாமல் ஒன்றுசேர்த்தால்தான் அது மீண்டும் புள்ளியாகும். அதற்கு டாப்ளர் மைய அதிர்வெண், அதாவது செயற்கைக்கோளின் நகர்வால் எதிரொலியின் அதிர்வெண் சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்பது, சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். 2001-இல் செயற்கைக்கோளின் திசைநிலையை உணரும் கைரோக்கள் பழுதாகி, அவை இல்லாமலேயே ஈஆர்எஸ்-2 இயக்கப்பட்ட பின்பு, அந்த அதிர்வெண் ஒவ்வொரு கடப்பிலும் வெகுவாக மாறியது. துடிப்பு வீதமோ நொடிக்குச் சுமார் 1,680 மட்டுமே என்பதால், அளந்த எண்ணோடு அந்த வீதத்தின் எத்தனை மடங்கைக் கூட்டினால் உண்மையான மதிப்பு கிடைக்கும் என்பதே ஐயத்துக்குரியதாயிற்று. இந்தச் சிக்கலை ஒவ்வொரு காட்சியாக அமர்ந்து தீர்த்த சிக்னல் செயலாக்க நண்பர்களின் உழைப்பே இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து.

சுற்றுப்பாதைக் கணக்கீட்டாளர்களையும் லேசர் தொலைவளவு நிலையங்களில் பணியாற்றியவர்களையும் நன்றியுடன் நினைக்கிறேன். ஈஆர்எஸ்-1-இன் நுண்ணளவுக் கண்காணிப்புக் கருவி ஏவிய சில நாள்களிலேயே செயலிழந்துவிட்டதால், அதன் பாதையைத் துல்லியமாக அறிய அவர்களின் அளவீடுகளே பெரிதும் கைகொடுத்தன. செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முன்பே வெட்டவெளிக்குச் சென்று, முக்கோண உலோக எதிரொளிப்பான்களைச் சரியான கோணத்தில் நிறுத்தி, அவற்றின் இருப்பிடத்தை அளந்து வைத்த களப் பணியாளர்களும் எங்கள் நன்றிக்குரியவர்கள். படத்தில் அவை கூர்மையான சிலுவை வடிவ ஒளிப்புள்ளிகளாகத் தோன்றிய பிறகே எங்கள் செயலாக்கத்தின் தரத்தை அளந்து சொல்ல முடிந்தது.

நிலச்சரிவையும் பனிப்பாறை நகர்வையும் ஆராய்வோர் இனி இப்படங்களைப் பயன்படுத்துவார்கள். தங்கள் ஆய்வறிக்கைகளில் செயற்கைக்கோளின் பெயரோடு, தரவைப் பெற்ற நிலையப் பணியாளர்களையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறு அவர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
மறுசெயலாக்கத் திட்டப் பொறுப்பாளர்