கோழிக் காயத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையில் மாடியிலும் சந்திலும் நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகள் ஏராளம். பல வீடுகளில் அது கறிக்காக வளர்வதில்லை. பிள்ளைகள் பேர் வைத்துக் கூப்பிடும் கோழி. ஆனால் நாய் கவ்விவிட்டால் மட்டும் மஞ்சள்தூளையும் வெற்றிலைச் சுண்ணாம்பையும் குழைத்து அப்பிவிட்டுக் கூடையைக் கவிழ்த்துவிடுகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். சுண்ணாம்பு, தோல் கிழிந்த இடத்தில் சதையை வேகவைத்துவிடும். மஞ்சள்தூள் ரத்தத்தோடு காய்ந்து ஓடு போல இறுகும். மேலே ஆறியது போல் தெரியும், அடியில் சீழ் கோத்துக்கொள்ளும்.

அடிபட்ட கோழி முதலில் காயத்தால் சாவதில்லை, அதிர்ச்சியால் சாகிறது. அதனால் கையில் எடுத்தவுடன் கழுவ ஆரம்பிக்காதீர்கள். ரத்தம் ஒழுகினால் சுத்தமான பருத்தித் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் மறுபடி கழன்றுவிடும். கொண்டை, நகம் என்றால் மைதாவோ சோளமாவோ வைத்து அழுத்தினால் போதும். பிறகு, காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, இருட்டான மூலையில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கார்த்திகை மழையில் உடம்பு சில்லிட்டிருந்தால் ஒன்றரை அடி தள்ளி 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். சித்திரை வெயிலில் பல்பு வேண்டவே வேண்டாம். அலகைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கிண்ணத்தில் வையுங்கள். முதல் நாளைக்கு மட்டும் இது, அப்புறம் வெறும் தண்ணீர். வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே விழுங்கிக்கொள்ளும்.

காயத்தைக் கழுவ, அரை லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. ஊசியைக் கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் பீச்சுங்கள். பஞ்சால் தேய்த்தால் நார் ஒட்டும். சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்காதீர்கள். கோழித்தோல் காகிதம் மாதிரி, இறகோடு கிழிந்து வரும். கத்தரியால் ஓரம் வெட்டுங்கள். அதிலும் அடித்தண்டு கருநீலமாக இருக்கும் புது இறகை வெட்டினால் ரத்தம் கொட்டும், அதை விட்டுவிடுங்கள். கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் என்ற பழுப்புநிறக் கிருமிநாசினியை வெளிறிய டீத்தண்ணீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து தடவுங்கள். கெட்டியாக ஊற்றினால் புதிதாக வளரும் சதை கருகும். காலை, மாலை இருவேளையும் இதுதான். பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு நமக்கிருக்கும் உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சை இழுக்கும் தசை, இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. கட்டுப் போட்டாலும் அதே கவனம் வேண்டும்.

நம் ஊர் வெக்கையில் பெரிய எதிரி ஈதான். திறந்த புண்ணில் காலையில் முட்டையிட்டால் மறுநாளே புழு நெளியும். பெட்டிமேல் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள், எச்சம் பட்ட துண்டை அன்றாடம் இரண்டு முறை மாற்றுங்கள். புழு வைத்துவிட்டால் உப்புத் தண்ணீரைப் பீச்சி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மாட்டுப் புண்ணில் விடும் டர்பன்டைனைக் கோழிக்கு விடக் கூடாது. பினாயிலும் கூடாது.

கடலோரத் தெருக்களில் அதிகம் பார்ப்பது வேறொன்று. அறுந்த வலையின் நைலான் நூல், தையற்கடை நூல், மாஞ்சா நூல் கோழிக்காலில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க இறுகும். விரல் வீங்கிய பிறகுதான் கண்ணில் படும், அதற்குள் நூல் சதைக்குள் புதைந்திருக்கும். இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, நுனி மழுங்கிய சிறு கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுங்கள். ஒரே ஒரு சுற்று விடுபட்டாலும் அந்த விரல் கறுத்து உதிரும். குப்பை கிளறப் போகும் கோழிகளின் காலை வாரம் ஒருமுறை தூக்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இவ்வளவு தூரம் போகாது.

செதில் மூடிய கால் பகுதியில் எலும்பு முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால், பஞ்சு சுற்றி, நீளவாக்கில் பிளந்த ஸ்ட்ராவை வைத்து ஒட்டுப் பிளாஸ்திரி போடலாம். சுமார் மூன்று வாரத்தில் கூடும். மறுநாள் விரல் சில்லிட்டோ வீங்கியோ இருந்தால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். தொடை முறிந்தால் வீட்டு வைத்தியம் இல்லை. தோளை ஒட்டிய இறக்கை எலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் அதில் தண்ணீர் பீச்சவே கூடாது. அந்த எலும்பு உள்ளே கூடானது, நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைக்குப் போகும்.

வலி தெரியாமல் இருக்கட்டும் என்று மனிதருக்கு வாங்கிய டைக்ளோபினாக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிணந்தின்னிக் கழுகுகளை அழித்தது இதே மருந்துதான். அதனால் கால்நடைகளுக்கு இதைக் கொடுப்பது 2006-இல் தடை செய்யப்பட்டது. வலிக்கு என்ன மருந்து, எத்தனை சொட்டு என்பதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

பூனை கடித்தது குண்டூசித் துளை அளவே இருந்தாலும் அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பூனைப் பல்லில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் கோழி போய்விடும். நாய் கவ்விய இடத்தில் தோலுக்கடியில் காற்று புடைத்தாலும், குடித்த தண்ணீர் கழுத்தடித் தீனிப்பை வழியாக ஒழுகினாலும் அப்படியே. கோழிதானே என்று கூச்சப்பட வேண்டாம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்தால் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

தேறிவிட்டது என்று அவசரப்பட்டு மற்ற கோழிகளோடு விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் அவை கொத்தும். ஒன்று கொத்தினால் எல்லாம் கொத்தும். பொருக்கு உதிர்ந்து தோல் மூடிய பிறகு, பொழுது சாய்ந்து மற்றவை அடைந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கும் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.