எழுபது மணி நேரம் எங்க ஊருக்குப் புதுசில்லீங்க

ஆசிரியர் அவங்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், இந்தக் காலத்துப் பசங்க ஆறு மணியானா பேகைத் தூக்கிட்டுக் கெளம்பிடறாங்க, இப்படி இருந்தா நாடு எப்படி உருப்படும்னு. கூடவே இன்போசிஸ் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபர்ல சொன்ன வாரத்துக்கு 70 மணி நேரத்தையும் எடுத்துப் போட்டிருந்தார். அப்பறம் 2025 ஜனவரில எல் அண்ட் டி சேர்மன் சுப்ரமணியன் அத 90ன்னு ஏத்தி விட்டுட்டார், அதுவும் வீட்ல உக்காந்து எவ்ளோ நேரந்தான் பொண்டாட்டி மூஞ்சியப் பாப்பீங்கன்னு ஒரு கேள்வியோட. இதுக்கெல்லாம் ஐடில இருக்கறவங்க நெறையா பதில் சொல்லிட்டாங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில, தெச்ச துணில குறை இருக்குதான்னு பாக்கற செக்கிங்ல இருக்கறேன், எங்க பக்கத்துக் கதையும் கொஞ்சம் போடுங்க.

எங்க ஊர்ல ஒன்றரை ஷிப்ட்னு ஒண்ணு இருக்குதுங்க. காலைல எட்டரைக்கு உள்ள போனா சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட் முடிஞ்சுரும், ஆனா யாரும் எந்திரிக்க மாட்டோம், டீயக் குடிச்சிட்டு மறுபடி உக்காந்தா ராத்திரி ஒம்பது ஒம்பதரை ஆயிரும், ஷிப்மென்ட் அவசரம்னா விடிய விடிய ஓடும். வாரத்துக்கு ஆறு நாள். கூட்டிப் பாருங்க, அந்த எழுபது வந்துரும். ஆக மூர்த்தி சொன்ன வைத்தியத்த நாங்க பல வருசமா சாப்ட்டுட்டுத்தான் இருக்கறோம். நாடு முன்னேறுச்சான்னா முன்னேறுச்சு, 2024-25ல மட்டும் சுமார் 40 ஆயிரம் கோடிக்கு எங்க ஊர்த் துணி வெளிநாடு போயிருக்குது, நான் இல்லைங்கல. அதத் தெச்சவங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கணும்னா அனுப்பர்பாளையம், வேலம்பாளையம் பக்கம் லைன் வீட்டுக்கு வாங்க. ஒரு ரூம், ஓரமா ஒரு அடுப்பு, அஞ்சாறு வீட்டுக்கு ஒரு பாத்ரூம்.

2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபைல 12 மணி நேர வேலைக்கு வழி விடற மாதிரி மசோதா பாஸ் பண்ணி, யூனியன்காரங்களும் கூட்டணிக் கட்சிகளும் சத்தம் போட்டதுல மூணே நாள்ல நிறுத்தி வச்சு, மே தினத்தன்னிக்கு வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சார் பாருங்க, அப்ப எங்க டேபிள்ல ஒரே சிரிப்பு. வராத சட்டத்த வாபஸ் வாங்கிட்டாங்க, நாம ஒம்பதரை வரைக்கும் இங்கதான உக்காந்திருக்கோம்னு.

நெஜமாவே இருக்கற சட்டத்தப் பேசுவோம். 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1948 தொழிற்சாலை சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல வேல வாங்குனா அந்த மிச்ச நேரத்துக்கு ரெண்டு மடங்கு கூலி, அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துலயும் ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்குதான். அப்படிப் பாத்தா எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட் காசு, அடுத்த நாலு மணி நேரத்துக்கு இன்னொரு முழு ஷிப்ட் காசு, ஆக பன்னண்டு மணி நேரம் உழைச்சா ரெண்டு ஷிப்ட் சம்பளம் வரணும். நான் வேல பாத்த கம்பெனிகள்ல எல்லாம் ஒன்றரைதான் குடுத்தாங்க. மீதி அரை எங்க போச்சுன்னு கேட்டா அடுத்த வாரம் நமக்கு வேல இருக்காது. உழைச்சா முன்னேறலாம்னு எழுதறவங்க இந்த அரை ஷிப்டப் பத்தி எழுதவே மாட்டேங்கறாங்க.

சரி, இஷ்டமில்லன்னா அஞ்சரைக்கு எந்திரிச்சுப் போக வேண்டியதுதானன்னு கேப்பீங்க. போக முடியாதுங்க, எங்காளுகளே போக விடமாட்டாங்க. ஒரு ஷிப்டோட நிறுத்தற கம்பெனின்னா டைலருங்க அடுத்த சனிக்கெழம சம்பளத்த வாங்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. பேராசைன்னு நெனைக்காதீங்க, வாடகை, கரண்ட், குழுக்கடன் தவணை, சீட்டு இதுக்கே ஒரு ஷிப்ட் காசு சரியாப் போயிரும், சோறு திங்கறது அந்த அரை ஷிப்ட்லதான்.

ஆனா அந்த அரை ஷிப்ட் காசு எப்படிச் செலவாகுதுன்னு யோசிச்சாத்தான் எனக்குக் கிறுக்குப் புடிக்கும். ராத்திரி ஒம்பதரைக்கு மேல போயி யாருங்க அடுப்பப் பத்த வைக்கறது, வர்ற வழில புரோட்டா பார்சல். பசங்கள உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்க ஆள் இல்லன்னு டியூசன் ஃபீஸ். தனியா இருக்குதுங்கன்னு ஒரு போன், அதுக்கு மாசத் தவணை. வயித்துக்கு ஒத்துக்கலன்னாலும் கழுத்து புடிச்சுக்கிட்டாலும் டாக்டர். வீட்ல இருக்க முடியாததுக்கு வீட்ல இல்லாம சம்பாதிச்ச காசயே குடுக்கறோம். எல்லாக் காசும் இப்படித்தான் போகுதுன்னு சொல்ல மாட்டேன், எங்க லைன்ல ஒரு அக்கா இந்த ஒன்றரை ஷிப்ட்லயே மகள நர்சிங் படிக்க வெச்சாங்க. காசு முக்கியமில்லன்னு சொல்றவங்கள எனக்குப் புடிக்கறதும் இல்லீங்க, அதெல்லாம் வாடகை குடுக்காதவங்க பேச்சு.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப எங்க கம்பெனில ஆர்டர் கொறைஞ்சு ராத்திரி வேல நின்னு போச்சு. எங்கூட்டுக்காரர் பேட்லாக்ங்கற தையல் மெஷின் ஓட்டற டைலர், அவருக்கும் அதே கதை. ரெண்டு பேரும் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டோம். டைம் கெடைச்சா நல்லாருக்கும்னு நெனைச்ச டைம் கெடைச்சுது, ஆனா கைல காசில்லாம அந்த டைம வெச்சுகிட்டு சண்டைதான் போட்டோம். அதனாலதான் சொல்றேன், நேரத்தக் கொறைங்கன்னு மட்டும் சொன்னா எங்களுக்குப் பிரயோஜனமில்ல, எட்டு மணி நேரத்துக் கூலில குடும்பம் ஓடணும், மொதல்ல அது.

அப்பறம் அந்த பொண்டாட்டி மூஞ்சி. எல் அண்ட் டி சேர்மன் சொன்னதக் கேட்டு எங்கூட்டுக்காரர் உன்ன நான் எப்ப பாத்தேன்னு கேட்டார், ஞாயித்துக்கெழம மத்தியானம் கறிக்கொழம்பு கொதிக்கறப்பன்னு சொன்னேன். 2024ல சென்ட்ரல் கவர்மெண்ட் எடுத்த கணக்குப்படி வீட்டு வேல செய்யறவங்கள்ல பொம்பளைங்களுக்கு அதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு சராசரியா 289 நிமிசம், ஆம்பளைங்களுக்கு 88. ஆம்பள 90 மணி நேரம் ஆபீஸ்ல இருக்கணும்னா அவனுக்கு சோறாக்கி துணி தொவைக்கறதுக்கு ஒருத்தி சம்பளமில்லாம வீட்ல இருக்கணும், அவளும் என்ன மாதிரி வேலைக்குப் போறவளா இருந்தா கணக்கு எங்கயோ போயிரும்.

உடம்பப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓங்கற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல சேந்து சொன்னது, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேல பாக்கறவங்களுக்கு பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகம், 35லருந்து 40 மணி நேரம் பாக்கறவங்களோட ஒப்பிட்டா. எங்க கம்பெனில நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல டைலரப் பாக்கறதே அபூர்வம், கண்ணு மங்கி இடுப்பு போயி செக்கிங்குக்கோ ஊருக்கோ போயிடறாங்க, அவங்க ஸ்பீடா இருந்த வருசமெல்லாம் யாரோட கணக்குல ஏறுச்சோ.

ஒரே ஒரு வேண்டுகோளுங்க. அடுத்த தடவ உங்க நிருபர் பெரிய முதலாளி யாரையாவது பேட்டி எடுத்து, அவர் 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னார்னா, 48 போக மிச்சம் 22 மணி நேரத்துக்கு ரெண்டு மடங்கு கூலி குடுப்பீங்களான்னு கேக்கச் சொல்லுங்க. அவர் சொல்ற பதில வெட்டாம அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்
(பேர் போட வேண்டாங்க, சூப்பர்வைசர் நம்ம பேப்பர்தான் படிப்பார்)