சோடா மூடிச் சக்கரத்தைத் துணுக்காகப் போட்டு முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தின் கீழ்மூலையில், ஒட்டகச்சிவிங்கிப் படத்துக்கும் விடுகதைக்கும் நடுவில், ஏழு வரியில் ஒரு துணுக்கு வந்திருந்தது. 'பொம்மையைச் சுற்றினால் ரத்தப் பரிசோதனை!' என்று தலைப்பு. காகிதத் தட்டில் நூலைக் கோத்துச் சுற்றினால் ரத்தம் பிரியுமாம், விலை 20 சென்ட்டாம், அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அவ்வளவுதான். பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு டாக்டரின் கார்ட்டூன்.

நான் 31 வருடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீசியனாக இருந்தவன். அதில் பெரும்பகுதி கடலோர ஊர்கள். எனக்கு அந்தக் கார்ட்டூனைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

முதலில், அது புதுச் செய்தி இல்லை. 2017 ஜனவரியில் வெளிவந்த ஆய்வு. செய்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழுவினர். மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்தவர். அந்த ஆய்வில் முன்னால் நின்று உழைத்த சாத் பாம்லா நம் சென்னை ஐஐடியில் படித்தவர். அமெரிக்காவில் நடந்தது என்பது சரிதான். ஆனால் அடையாறு பக்கம் பஸ்ஸில் போய்வந்த ஒரு பையனுக்கும் இதில் கை இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என் பேத்தி அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருப்பாள்.

இனி அந்தப் பொம்மை. அது நமக்குத் தெரியாத பொம்மையா? கோலி சோடா போய் மூடி போட்ட சோடா வந்த காலத்தில், பெட்டிக்கடை வாசலில் மூடிகளைப் பொறுக்குவோம். சுத்தியலால் தட்டித் தட்டையாக்குவோம். துணிச்சல்காரப் பையன்கள் தண்டவாளத்தில் வைத்து ரயிலை ஏறவிடுவார்கள். அதில் வருகிற மூடி பிளேடு மாதிரி இருக்கும். நடுவில் ஆணியால் இரண்டு ஓட்டை, அதில் நூல், இரண்டு முனையும் இரண்டு கை விரலில். நாலு சுற்றுச் சுற்றிவிட்டு இழுத்தால் 'விர்ர்' என்று ஓடும். தளர்த்தினால் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும், மறுபடி இழுக்கலாம். சட்டைப் பொத்தானிலும் இதைச் செய்யலாம். அடுத்தவன் நூலை அறுப்பதுதான் போட்டி. என் இடது கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது.

பல நாடுகளில் ஆயிரக்கணக்கான வருடமாகப் பிள்ளைகள் விளையாடும் பொருள் இது. அது ஏன் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பாம்லாவும் பிரகாஷும் அதிவேகக் கேமராவில் படமெடுத்துக் கணக்குப் போட்டார்கள். முதலில் யோ-யோவைச் சுற்றிப் பார்த்தார்களாம், வேகம் போதவில்லை. இந்தச் சக்கரத்தில் விஷயமே நூலின் முறுக்கில் இருக்கிறது. ஊஞ்சல் கயிற்றை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் பலகை எப்படிச் சுழலும்? அதே கதைதான், ஆனால் கைகள் விடாமல் இழுத்து இழுத்து வேகத்தை ஏற்றிக்கொண்டே போகின்றன. முறுக்கின் மேல் முறுக்கு ஏறி நூல் சுருட்டிக்கொள்கிறது. அடுத்த இழுப்பில் அது அத்தனையும் வேகமாகத் திரும்புகிறது. அவர்கள் எட்டிய உச்ச வேகம் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. நம் வீட்டு மிக்ஸி 20,000 சுற்றை ஒட்டித்தான் ஓடும்.

இந்த எண்ணை நீங்கள் போடவில்லை. போட்டிருந்தாலும் அது எதற்கு என்று சொன்னால்தானே வாசகருக்குப் புரியும்! மழையில் நனைந்த குடையைச் சுற்றினால் தண்ணீர் வெளியே தெறிக்கிறது அல்லவா, ரத்தத்தைச் சுற்றினாலும் கனமான சிவப்பணுக்கள் வெளி ஓரத்துக்குப் போய் அடைந்துகொள்ளும். மஞ்சள் நிறப் பிளாஸ்மா உள்பக்கம் நிற்கும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இதைச் செய்து, மொத்த உயரத்தில் சிவப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று அளந்தால் அதுதான் நாங்கள் பிசிவி என்று சொல்லும் கணக்கு. அதை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய ஹீமோகுளோபின் அளவு கிடைத்துவிடும். இந்தக் காகிதச் சக்கரம் ஒன்றரை நிமிடத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுகிறது. எடை 2 கிராம்.

சரி, இதில் எனக்கென்ன வந்தது?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஹீமோகுளோபின் பார்க்க எங்களிடம் இருந்தது சாலி முறைதான். ரத்தத்தை அமிலத்தில் விட்டு, அது காபி நிறமானதும் துளித் துளியாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளிச்சம் நன்றாக இருந்தால் ஒரு எண், ஐப்பசி மழையில் வானம் இருட்டிக்கொண்டால் வேறு எண். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒன்பதா பத்தா என்று ஜன்னலோரம் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்ற மதியங்கள் எத்தனையோ. என் கண்ணின் சந்தேகம் அந்தப் பெண்ணின் சீட்டில் எண்ணாக ஏறிவிடும்.

ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் மிஷினான சென்ட்ரிபியூஜ் எங்களிடம் இல்லாமல் இல்லை. மேசை மேல் வைக்கிற சாதாரண ரகம், சீரம், அதாவது உறைந்த ரத்தத்துக்கு மேலே நிற்கும் தெளிநீர், பிரிக்கப் போதும். நுண்குழாயை 12,000 சுற்றில் ஐந்து நிமிடம் ஓட்டும் மிஷின் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எங்கள் மிஷினும் மின்சாரம் இருந்தால்தான் ஓடும். ஒரு கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்கி மோட்டார் புகைந்தது. அதற்கப்புறம் அதன் மேல் நான் டார்ச் லைட்டும் சாப்பாட்டு டப்பாவும் வைத்துக்கொண்டேன். ரத்தக் குழாய்களை ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தி, தானாக உறைந்து சீரம் மேலே வரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருப்பேன். ஒரு பாட்டி கேட்டார்: "ஏன் தம்பி, ரத்தத்தை எடுத்து நிக்க வச்சுட்டு நீயும் நிக்கிறியே, அதுக்கு என்ன வேண்டுதலா?"

மனு பிரகாஷுக்கு இந்த யோசனை பிடித்தது உகாண்டாவில். 2013-இல் அங்கே ஒரு சிற்றூர் மருத்துவமனையில் சென்ட்ரிபியூஜைக் கதவு மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம், மின்சாரம் இல்லாததால். அதைப் படித்தபோது எனக்கு என் சாப்பாட்டு டப்பாதான் ஞாபகம் வந்தது. அவர் கதவைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் யோசித்தார். நானோ டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்! கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது, கையில் நுண்குழாய் இருக்கிறது, இரண்டையும் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன்னாலும் முயன்றிருக்கிறார்கள். 2008-இல் ஹார்வர்டில் முட்டை அடிக்கும் கைக்கருவியில் குழாயைக் கட்டிச் சுற்றினார்கள். 2010-இல் ரைஸ் பல்கலைக்கழக மாணவிகள் இருவர், கீரையில் தண்ணீர் வடிய வைக்கும் சுழல் கூடையை வைத்து 30 டாலருக்குள் ஒன்று செய்தார்கள்; அதற்கு பத்து நிமிடம் சுற்ற வேண்டும். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் காகிதச் சக்கரத்தின் வேகம் எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பது விளங்கும். தனியாகப் போட்டால் அது ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்துத் துணுக்குதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாராட்டி எழுதும்போது பத்திரிகைகள் செய்கிற தவறு துணுக்கு போடுவதைவிட மோசம். இதே மனு பிரகாஷ் குழுவின் ஃபோல்டுஸ்கோப் என்ற மடிப்புக் காகித நுண்ணோக்கி 2014-இல் பிரபலமானது. அட்டையை மடித்து, கடுகளவு ஒரு லென்சைச் செருகினால் நுண்ணோக்கி தயார். 17-ஆம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹோக் ஒற்றை லென்சில் பார்த்தாரே, அதே வழி. அருமையான பொருள். 2015-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அதை இந்தியாவுக்குக் கொண்டுவரக் கைகோத்தது. ஆனால் அதை வைத்து யார் வேண்டுமானாலும் மலேரியா கண்டுபிடித்துவிடலாம் என்கிற மாதிரி எழுதினார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம். பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்டது 140 மடங்கு பெரிதாக்கும் ரகம். ஆய்வுக் கட்டுரை 2,000 மடங்குக்கு மேலும் பேசியது, அது வேறு. நான் மலேரியா பார்த்தது ஸ்லைடில் ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றி, எண்ணெய்ச் சொட்டு விட்டு, ஆயிரம் மடங்கில், லென்சில் ஒரே பார்வைக்குத் தெரியும் வட்டத்தைப் புலம் என்போம், அப்படி நூறு புலம் நகர்த்தி நகர்த்தி. அப்படியும் மோதிரம் மாதிரி ஒரு நீலப் புள்ளி கிருமியா, சாயத் தூசியா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். 140 மடங்கில் கொசுவின் காலைப் பார்க்கலாம், வெங்காயத் தோலைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கண் திறக்கும். அதைச் சொன்னாலே போதும், அதுவே பெரிய விஷயம்.

காகிதச் சக்கரத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஒரு காய்ச்சல் முகாமில் காலை பத்து மணிக்குள் அறுபது பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் ரத்தத்துக்கு ஒன்றரை நிமிடம் கையால் சுற்றுவது சரி. மலேரியா கிருமியைப் பிரிக்க அவர்கள் சொல்வது 15 நிமிடம். மாங்காய்க்கு உப்புத் தடவுகிற மாதிரி சுலபமான வேலை இல்லை அது, தோள்பட்டை கழன்றுவிடும். அப்புறம் கண்ணாடிக் குழாயில் அடுத்தவர் ரத்தத்தை வைத்து முகத்துக்கு நேரே சுற்றுகிறோம். உடைந்தால்? அவர்கள் குழாயை பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் வைத்து முனைகளை அடைத்துத்தான் சுற்றினார்கள். மடகாஸ்கரில் ஊர் சுகாதார ஊழியர்களிடம் கொடுத்தும் பார்த்தார்கள். உங்கள் துணுக்கில் அந்த ஸ்ட்ரா இல்லை. அதைப் படித்துவிட்டு ஒரு பையன் வீட்டில் செய்து பார்த்தால் யார் பொறுப்பு?

அதனால் என் வேண்டுகோள் இது. இப்படிப்பட்ட செய்தியைச் சிரிப்புப் பக்கத்திலிருந்து எடுங்கள். எப்படி வேலை செய்கிறது, யார் மேல் சோதித்தார்கள், எதற்கு உதவாது, இதை மட்டுமாவது எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து அதே செய்திக்குத் திரும்பிப் போங்கள். கொலை வழக்கு என்றால் கைது, ஜாமீன், தீர்ப்பு என்று விடாமல் துரத்துகிறீர்களே! ஒரு கருவி பரிசோதனைக் கூடத்திலிருந்து ஊர் லேப் மேசைக்கு வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

தொடர்ந்து போனால் கதை எங்கெல்லாம் போகிறது பாருங்கள். அந்தச் சாத் பாம்லா பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பேராசிரியரானார். 2020-இல் அவருடைய குழு அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் இருக்கும் பொறி மின்சாரத்தை எடுத்து ஒரு கருவி செய்தது. 'டிக்' என்று அமுக்கும்போது ஒரு கணம் 2,000 வோல்ட் அளவுக்கு எழும்புகிறது. அதை பாக்டீரியா மேல் விட்டால் அதன் தோலில் நுண்துளைகள் திறந்து டிஎன்ஏ உள்ளே போகும். இதற்கான மிஷின் ஆயிரக்கணக்கான டாலர். இவர்களுடையது 23 சென்ட். பள்ளிக்கூடப் பிள்ளைகளே அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் கேஸ் லைட்டர் மூன்று இருக்கிறது, ஒன்றுதான் பற்றும். மீதி இரண்டை ஏன் தூக்கிப் போடவில்லை என்று இனி யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒரு ஒப்புதல் வாக்குமூலம். உங்கள் துணுக்கைப் படித்த அன்றே, ஐந்தாவது படிக்கும் என் பேத்தியோடு சேர்ந்து ஒன்று செய்தேன். ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் இரண்டு ஓட்டை. தூண்டில் நரம்பைக் கோத்தோம், வழுக்கியது. தையல் நூலை நான்காக மடித்துக் கோத்தோம், பிடித்துக்கொண்டது. ஸ்ட்ராவைச் சின்னதாக வெட்டி, மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரை ஊற்றி, மெழுகுவத்தியில் இரண்டு முனையையும் உருக்கி அடைத்து, அட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டினோம். முதல் ஸ்ட்ரா சுற்றும் வேகத்தில் வாய் பிளந்துகொண்டது. ஹால் சுவரில் முழ நீளத்துக்கு மஞ்சள் கோடு. இரண்டாவது நின்றது. அரை நிமிடம் சுற்றிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், தூளெல்லாம் வெளி முனையில் அடைந்து, உள்ளே தண்ணீர் தெளிந்து கிடந்தது. 31 வருடம் பார்த்த காட்சிதான். ஆனாலும் கொஞ்ச நேரம் கீழே வைக்க மனமில்லை. பேத்தி அடுத்து ரோஸ்மில்க்கை ஊற்றலாம் என்றாள்.

மருமகள் இன்னும் சரியாகப் பேசவில்லை. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்தே தீருவேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த மஞ்சள் கோட்டை நிருபர் யாராவது வந்து படமெடுப்பதாக இருந்தால் அதற்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன் ஒருவர்,
பரமக்குடி