நடுப்பட்டை ஏன் தடித்திருக்கிறது

அன்பு மகளுக்கு,

சுக்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) குழாயில் மூன்று பட்டைகள் தெரிந்தன, நடுப்பட்டைதான் தடிமனாக இருக்கிறது, தயாரிப்பில் எங்கோ தவறிவிட்டேனோ என்று கேட்டிருந்தாய். தவறவில்லை, கண்ணு. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸ் தொற்றிய செல்லின் உட்கருவைத் திறந்து, அங்கிருக்கும் வைரஸ் கூடுகளை, அதாவது டிஎன்ஏவைச் சுமக்கும் புரத ஓடுகளை, மேலிருந்து கீழே 20 முதல் 50 சதவீதம் வரை அடர்த்தி கூடும் சுக்ரோஸில் சுழற்றினால் அப்படித்தான் வரும். மேலே ஏ, நடுவே பி, அடியில் சி. ஏ என்பது காலிக் கூடு. பி-க்குள் சாரப் புரதம், அதாவது கூடு கட்டும்போது உள்ளிருந்து தாங்கும் சாரம், இருக்கும், டிஎன்ஏ இருக்காது. சி-க்குள் டிஎன்ஏ நிறைந்திருக்கும். இந்த மூன்றையும் ஒரே கூட்டின் மூன்று வயதுகள் என்று நினைத்துவிடாதே. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏ, பி இரண்டையும் வழியில் நின்றுபோன கூடுகளாகவே கருதுகிறார்கள். எந்தப் படியில் நின்றது என்பதுதான் பட்டைக்குப் பட்டை வேறுபடுகிறது. அதனால் படிகளின் வரிசையை நீ நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

முதலில் கணக்கு. கூட்டின் விட்டம் சுமார் 125 நானோமீட்டர். 20 முகங்கள், 30 விளிம்புகள், 12 மூலைகள். ஒரு முகம் எத்தனை சிறு முக்கோணங்களாகப் பகுபடுகிறது என்று சொல்லும் முக்கோணப் பகுப்பு எண் 16. அதைப் பத்தால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் புரதக் கொத்துகளுக்கான 162 இடங்கள் வரும். அவற்றில் 150 ஹெக்ஸான்கள் (ஆறு புரதங்கள் சேர்ந்த கொத்துகள்): ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் ஒன்றாக 30, மூலைகளை ஒட்டி 60, முகங்களுக்குள் 60. மூலைகளில் 11-இல் பென்டான்கள் (ஐந்து சேர்ந்தவை). பன்னிரண்டாவது மூலையில் மட்டும் யூஎல்6 புரதத்தின் 12 பிரதிகள் வளையமாகச் சேர்ந்து டிஎன்ஏ நுழையும் வாயில் ஆகின்றன. ஹெக்ஸானுக்கு ஆறு, பென்டானுக்கு ஐந்து விபி5 (கூட்டின் முதன்மைப் புரதம்; விபி, யூஎல் என்று தொடங்குபவை எல்லாம் இந்த வைரஸின் புரதப் பெயர்கள்) என்று கூட்டிப்பார், 955 வரும். பழைய கட்டுரைகளில் 960 என்று பார்ப்பாய். 12 மூலைகளிலும் பென்டான் என்று எடுத்துக்கொண்ட கணக்கு அது. கிரையோ மின்னணு நுண்ணோக்கிப் படங்களை இருபதுமுகச் சமச்சீர் இருப்பதாக வைத்துச் சராசரி எடுத்தால், அந்த ஒரு வாயில் மற்ற 11 மூலைகளோடு கலந்து கரைந்துபோகும். யூஎல்6தான் வாயில் என்பது 2001-இல் தெரிந்தது. கூட்டின் அணுநிலைப் படம் 2018-இல் வந்தது. வாயிலின் நுட்பமான வடிவத்தைக் காண, சமச்சீரைத் தளர்த்திக் கணக்கிடும் முறைகள் தேவைப்பட்டன.

ஹெக்ஸான், பென்டான்களுக்கு இடையே மும்மூன்று கூடும் இடங்களில் 320 டிரிப்ளெக்ஸ்கள், அதாவது மூன்று புரதங்கள் சேர்ந்த இணைப்புகள், உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு விபி19சி, இரண்டு விபி23. இவை வெறும் ஒட்டுப்பசை அல்ல, கூட்டின் வளைவையே தீர்மானிப்பவை. விபி23 இல்லாமல் விபி5-ம் விபி19சி-யும் மட்டும் சேர்ந்தால், பகுப்பு எண் 7 கொண்ட சிறிய கூடு உருவாகிவிடும். ஹெக்ஸான் உச்சிகளில் விபி26 ஆறாறாக, மொத்தம் 900. பென்டானில் அது உட்காராது.

இனிக் கட்டும் விதம். விபி5-க்குத் தானாக உட்கருவுக்குள் போகும் முகவரி கிடையாது. சாரப் புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. அந்தப் பிடி சாரப் புரதத்தின் கடைசி 25 அமினோ அமிலங்களில் இருக்கிறது. சாரப் புரதங்கள் ஒன்றோடொன்று சேரச் சேர, அவற்றின் மேல் விபி5-ம் டிரிப்ளெக்ஸும் வளைந்து படர்கின்றன. கான்கிரீட் வளைவுக்குச் சென்ட்ரிங் அடிப்பது போலத்தான் இதுவும். வாயில் தொடக்கத்திலேயே சாரத்தோடு சேர்ந்தாக வேண்டும். கூடு மூடிய பிறகு அதற்கு இடம் கிடைக்காது. ஒரு கூட்டுக்கு ஒரே வாயில் என்பது இந்தத் தொடக்கத்தில் தீர்மானமாகிறது என்றே நான் நினைக்கிறேன்.

இப்படி வருவது முன்கூடு. மூலையே தெரியாத உருண்டை, இடைவெளிகள் நிறைந்தது, பலவீனமானது. 2 டிகிரி செல்சியஸில் வைத்தால் கலைந்துவிடும். இதை அடிக்கோடிட்டுக்கொள். வழக்கமான தயாரிப்பு முழுதும் பனிக்கட்டியில் நடப்பதால் முன்கூடு உன் குழாயில் தென்படாது. அதைப் பார்க்க வேண்டுமானால் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) வெப்பம் கூடினால் வேலை செய்யாத திரிபு வைரஸை 39 டிகிரியில் வளர்க்க வேண்டும். முன்கூடுகள் தேங்கி நிற்கும். 31 டிகிரிக்கு இறக்கினால் முதிர்ச்சி தொடங்கும்.

முதிர்ச்சியைத் தொடங்குவது அந்தப் புரோட்டியேஸ்தான். அது சாரப் புரதத்தின் நீண்ட வடிவத்தின் தலைப்பகுதி. முதலில் தன்னை வெட்டி விடுவித்துக்கொள்கிறது, பிறகு சாரத்தின் வாலை வெட்டுகிறது. அந்த 25 அமினோ அமிலங்கள் போனதும் விபி5-இன் மேல் சாரத்துக்குப் பிடி இல்லை. உருண்டை மூலைகள் கொண்ட வடிவுக்கு மாறுகிறது, தளத்தின் இடைவெளிகள் அடைபடுகின்றன. அதன் பிறகே விபி26 வந்து அமர்கிறது.

வால் வெட்டப்பட்டும் சாரம் வெளியேறாமல் உள்ளே சுருங்கி நின்றால் அதுதான் பி. செல் விபி5-ஐயும் சாரத்தையும் ஏராளமாகச் செய்கிறது. டிஎன்ஏ ஏற்றும் பொறியோ எல்லாக் கூட்டையும் வந்து சேர்வதில்லை. உன் நடுப்பட்டை தடித்திருப்பதற்கு இதுவே காரணம். ஏற்றும் பொறி டெர்மினேஸ்: யூஎல்15, யூஎல்28, யூஎல்33 என மூன்று புரதங்கள். மரபணுத்தொகுதிகள் வரிசையாக ஒட்டிய நீண்ட டிஎன்ஏவை வாயிலில் பொருத்தி, செல்லின் எரிபொருளான ஏடிபி-யைச் செலவழித்துத் தள்ளி, டிஎன்ஏவில் ‘ஏ வரிசை’ எனப்படும் இடத்தில் வெட்டுகிறது. உள்ளே போவது ஏறத்தாழ 1,52,000 கார இணைகள். அடுத்தடுத்த இழைகளின் மையங்களுக்கு இடையே 2.6 நானோமீட்டர்தான் இருக்கிறது. உள்ளழுத்தம் சுமார் 18 வளிமண்டலம் என்று அளந்திருக்கிறார்கள். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க மூலைகளின் மேல் யூஎல்17, யூஎல்25, யூஎல்36 சேர்ந்த தாங்கிகள் வந்து பற்றுகின்றன, ஒரு பென்டானைச் சுற்றி ஐந்து.

திரிபு வைரஸ்களோடு வேலை செய்யும்போது பட்டைகளை இப்படிப் படி. டெர்மினேஸோ யூஎல்6-ஓ யூஎல்17-ஓ இல்லையென்றால் பி மட்டும் குவியும். யூஎல்25 இல்லையென்றால் ஏற்றுதல் தொடங்கும், ஆனால் டிஎன்ஏ உள்ளே நிலைக்காது, ஏ அதிகமாகும். இந்தப் படியைத் தடுத்தே மருந்தும் செய்திருக்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெட்டர்மோவிர், இதே ஹெர்ப்பிஸ் குடும்பத்துச் சைட்டோமெகலோ வைரஸின் டெர்மினேஸைத் தடுக்கிறது. மனித செல்லில் அப்படி ஒரு பொறி இல்லாததால் அது நல்ல இலக்கு.

அடுத்த முறை சுழற்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதே. இங்கே பட்டைகள் பிரிவது கூடுகள் கீழிறங்கும் வேகத்தால். நேரம் கூடினால் சி குழாயின் அடியில் படிந்துவிடும், எல்லாம் பி என்று தப்பாக முடிவுகட்டுவாய். மூன்று பட்டைகளையும் தனித்தனியாக எடுத்து, புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டு. 149 கிலோடால்டனில் விபி5 மூன்றிலும் இருக்கும். 40 கிலோடால்டன் அருகே விபி22ஏ, அதாவது வெட்டுப்பட்ட சாரம், பி-யில் மட்டும் இருக்க வேண்டும். சி-யிலும் அந்தக் கோடு தெரிந்தால் பட்டைகள் கலந்திருக்கின்றன என்று பொருள். சி-யை இன்னொரு முறை புதிய சுக்ரோஸில் ஓட்டிவிட்டுப் பிறகு அளவெடு.

அன்புடன்,
அப்பா