ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் ஸ்விட்சை மறந்துவிடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரண்ட் போனால் தண்ணீர் மோட்டாரை ஓட்ட எந்த ஜெனரேட்டர் வாங்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோவாட், சத்தம் எவ்வளவு என்றெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தீர்கள். அதை வீட்டு வயரிங்கோடு எப்படிச் சேர்ப்பது என்பதற்கு மட்டும் ஒரே வரி: எலக்ட்ரீஷியனை வைத்து இணைத்துக்கொள்ளவும். நான் 30 வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிற சமாச்சாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. போய்ப் பார்த்தால், ஜெனரேட்டருக்கு மேலே ஆணியில் ஒரு வயர் சுருட்டி மாட்டியிருந்தது. இரண்டு முனையிலும் ப்ளக் டாப். ஒன்றை ஜெனரேட்டரில் குத்தி, இன்னொன்றைச் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் குத்திவிடுவார்களாம்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் குத்துவோம்" என்றார் வீட்டுக்காரர்.

"எப்பவுமா?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து அவர் மனைவி, "அன்னிக்கு மறந்துட்டீங்களே" என்றார்.

மறந்தால் என்ன ஆகும்? டிரான்ஸ்ஃபார்மருக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. லைனில் இருந்து வரும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குக் கொடுக்கிற அதே பெட்டி, வீட்டுப் பக்கம் இருந்து நாம் கொடுக்கும் வோல்ட்டை மறுபடி ஆயிரக்கணக்கில் ஏற்றி லைனுக்கு அனுப்பிவிடும். 'சின்ன ஜெனரேட்டர்தானே, தெரு முழுக்க எப்படி ஓட்டும், தானாக நின்றுவிடும்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பெரும்பாலும் நிற்கத்தான் செய்யும். ஆனால் கம்பி அறுந்தோ, ஃப்யூஸைப் பிடுங்கி வைத்தோ, மற்ற வீடுகளின் சுமை விலகியிருந்தால் அது நிற்காது. லைன்மேன் கம்பத்தில் ஏறுவதும் சரியாக அந்த மாதிரி நேரத்தில்தான். போன கரண்ட் திடீரென்று திரும்பி வந்தால் ஜெனரேட்டரின் கதை தனி. இரண்டும் மோதி, ஜெனரேட்டர் காயில் அந்த நொடியே போய்விடலாம், தீயும் பிடிக்கலாம்.

அந்த வயரை அங்கேயே கட்டிங் பிளேயரால் இரண்டாக வெட்டிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்குப் பதிலாக வேண்டியது ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். மேலே தள்ளினால் லைன் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. அந்த 'எதுவும் இல்லை'தான் அதன் உயிர். கைப்பிடி ஒரு பக்கத்தை விட்டு முழுசாக விலகாமல் மறுபக்கத்தைத் தொடவே முடியாது. மறதிக்கு அங்கே வேலையில்லை. நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) சேர்ந்து மாறுகிற மாதிரி, சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டு கம்பியை மாற்றும் டூ-போல், மூன்று ஃபேஸுக்கு நான்கு கம்பியை மாற்றும் ஃபோர்-போல் ஸ்விட்ச் போடுவதுதான் என் கட்சி.

வாங்கும்போது ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்விட்சின் பக்கவாட்டில் ஏசி-21, ஏசி-22, ஏசி-23 என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த மாதிரிச் சுமையைத் தாங்கும் என்பதற்கான குறி அது. முதலாவது ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. மோட்டாருக்கு வேண்டியது 23. அப்படியே வாங்கினாலும், ஓடுகிற மோட்டாரோடு கைப்பிடியைத் தள்ளக் கூடாது. முதலில் ஸ்டார்ட்டரை நிறுத்தி, அப்புறம் கைப்பிடியை மாற்றி, அப்புறம் ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். இதைக் கேட்காதவர்களின் ஸ்விட்சைத் திறந்து பார்த்திருக்கிறேன். செம்புத் தகடு கரிப்பிடித்து, ஓரம் உருகி மணிமணியாக நிற்கும்.

சரி, அந்த வீட்டு மோட்டாருக்கு என்ன ஆச்சு? கழற்றிப் பார்த்தேன், ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகியிருந்தது. 1 எச்.பி. மோட்டார், 746 வாட், ஜெனரேட்டர் ஒன்றரைக் கிலோவாட், போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கிற மோட்டார், கிளம்பும் நொடியில் 30, 40 ஆம்பியர் கேட்கும். சின்ன ஜெனரேட்டரில் அப்போது வோல்ட்டேஜ் படுத்துவிடும். மோட்டார் வேகம் பிடிக்காது. வேகம் பிடித்ததும் விலக வேண்டிய ஸ்டார்ட்டிங் காயில் விலகாமல் சூடாகிக்கொண்டே இருக்கும். 1 எச்.பி.க்கு 3 கிலோவாட்டுக்குக் குறைந்து நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான். கூடவே அது சைன் வேவ் இன்வெர்ட்டராகவும் இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் கத்தும், கொதிக்கும்.

கரண்ட் போனதும் தானாகவே ஜெனரேட்டருக்கு மாற்றுகிற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு பம்புக்கும் அது அவசியம். மேல்தொட்டி இருக்கிற தனி வீட்டுக்கு கைப்பிடியே போதும் என்பேன். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது பத்து நொடியில் மோட்டார் ஓடி என்ன ஆகப்போகிறது? போட்டே தீருவேன் என்றால் உள்ளே இருக்கும் டைமரை அவசரப்படுத்தாதீர்கள். போர்வெல் மோட்டார் நின்றதும், தண்ணீர் திரும்பாமல் தடுக்கிற செக் வால்வு பழுதாக இருந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்ப இறங்கும். இறங்கும்போது பம்பைப் பின்பக்கமாகச் சுற்றும். அந்த நேரத்தில் கரண்ட் கொடுத்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு ஒடிந்துபோகலாம். இரண்டு மூன்று நிமிஷம் பொறுப்பது நல்லது. இன்னொன்று, கரண்ட் போனதும் சாதாரண ஸ்டார்ட்டர் தானாக ஆஃப் ஆகிவிடும். ஸ்விட்ச் தானாக மாறியிருக்கும், ஆனால் பச்சைப் பட்டனை யாராவது அமுக்கும் வரை மோட்டார் சும்மாதான் இருக்கும். இது தெரியாமல், 'ஆட்டோமேட்டிக் வேலை செய்யவில்லை' என்று எனக்கு வந்த போன்கள் எத்தனையோ.

மூன்று ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெனரேட்டரில் மோட்டார் ஓடுகிற சத்தம் வருகிறது, தண்ணீர் மட்டும் சொற்பமாக வருகிறது என்றால், அது பின்பக்கமாகச் சுற்றுகிறது. ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் சரியாகும். ஜெனரேட்டர் பக்கம் வரும் கம்பியில் மாற்றுங்கள். மோட்டார் பக்கம் மாற்றினால், கரண்ட் வந்ததும் அதில் பின்பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இவ்வளவையும் நீங்கள் அச்சிட வேண்டாம். அடுத்த இதழில் ஒரு படம் மட்டும் போடுங்கள்: இந்தப் பக்கம் லைனில் இருந்து இரண்டு கம்பி, அந்தப் பக்கம் ஜெனரேட்டரில் இருந்து இரண்டு கம்பி, நடுவில் ஒரு கைப்பிடி, கீழே மோட்டார். கால் பக்கம்கூட ஆகாது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகன்