கஞ்சி கொடுக்கிறோம், பெயர்களைச் சொல்கிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் வெற்றி நினைவு நாள் பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். மே 19 இல் இலங்கையின் தெற்கில் அரசாங்கம் போர் வெற்றியை நினைவுகூருவதையும், மே 18 இல் போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில் தமிழர்கள் தங்கள் இறந்தவர்களை நினைவுகூருவதையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்திருந்தார் கட்டுரையாளர். நல்ல முயற்சி. ஆனால் வெற்றி விழா என்பதை வன்னிச் சனம் 2009 இல்தான் முதன்முதலாகக் கண்டது போல அதில் ஒரு தோற்றம் இருக்கிறது. அது சரியில்லை. நாங்களும் கொண்டாடியிருக்கிறோம்.

1996 யூலையில் விடுதலைப் புலிகளின் ஓயாத அலைகள் தாக்குதலில் முல்லைத்தீவுப் படைமுகாம் விழுந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் சந்தியில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டார்கள். பொருளாதாரத் தடையால் சீனிக்கே வழியில்லாத காலம் அது. அப்படியிருந்தும் பிள்ளைகளுக்குக் கை நிறைய இனிப்புக் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் அங்கே செத்துக் கிடக்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அது என் மனதில் ஒட்டவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் பெட்டி வந்தது. அந்த வீட்டு அண்ணாவும் அதே சண்டைக்குத்தான் போயிருந்தார். அம்மா தேத்தண்ணிக் கேத்திலோடு போக நானும் பின்னால் போனேன். அந்த இனிப்பில் இரண்டு என் சட்டைப் பொக்கற்றில் மிச்சம் இருந்தது. செத்தவீடு முடியும் வரை கையை அதன் மேல் வைத்துக்கொண்டே நின்றேன்.

2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் விழுந்தபோதும் இதேதான். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி படையினரிடம் விழுந்த செய்தி வந்ததும் கொழும்பில் வெடி கொளுத்துகிறார்கள் என்று இடம்பெயர்ந்த இடத்தில் வானொலியில் கேட்டோம். மே மாதம் போர் முடிந்த சந்தோஷத்தில் தெருத்தெருவாகப் பாற்சோறு கொடுத்ததைப் பிறகு முகாமில் சொன்னார்கள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்தப் பாற்சோறு வாங்கிய பிள்ளைகளில் எவரையும் என்னால் வெறுக்க முடியவில்லை. அந்த இரண்டு இனிப்பும்தான் நினைவுக்கு வந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வெற்றி கொண்டாடுகிறவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பத்தரமுல்லையில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்து நினைவிடத்தில் இறந்த படையினரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இறந்த போராளிகளைப் புதைத்த எங்கள் துயிலுமில்லங்களிலும் ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருந்தது. போர் முடிந்ததும் படையினர் அவற்றை இடித்து மட்டமாக்கினார்கள். இன்றும் மாவீரர் நாளான நவம்பர் 27 இல் பெற்றோர் அந்த இடங்களைத் தேடிப் போய்ச் சுடரேற்றுகிறார்கள். புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவில் துவக்கோடும் கொடியோடும் ஒரு படைவீரர் சிலை நிற்கிறது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து அதன் முன்னால் படம் எடுக்கிறார்கள். பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது செல் விழுந்து செத்த தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் எந்தக் கல்லில் பெயர் இருக்கிறது?

எங்களிடம் இருப்பது எண்கள். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்த சனத்தொகையிலிருந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களைக் கழித்தால் 146,679 பேருக்குக் கணக்கு வரவில்லை என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசாங்கத்தின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் சொன்னார். அதே ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. இந்த எண்களை வைத்து மேடையில் சண்டை பிடிப்பவர்கள் பலர். எங்கள் ஊரில் இறந்தவர்களின் பெயரை வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். அம்மம்மாமார் ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள்.

எங்கள் ஊரில் மே 18 கஞ்சியோடுதான். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் குடித்து உயிர் பிழைத்த அதே கஞ்சி. முன்பள்ளிக்கு முன்னால் பூவரசு மரத்தடியில் மூன்று கல் வைத்துக் கிடாரம் ஏற்றுவோம். அரிசி, தண்ணீர், உப்பு. ஒவ்வொரு வருடமும் தேங்காய்ப்பால் விடுவதா இல்லையா என்று பெண்களுக்குள் ஒரு வாக்குவாதம் வரும். பால் விடாவிட்டால் பிள்ளைகள் குடிக்காமல் கொட்டுகிறார்கள் என்பது ஒரு பக்கம். அங்கே பால் விட்டா காய்ச்சினார்கள் என்பது மறுபக்கம். நான் பால் வேண்டாம் என்கிற பக்கம்தான். போன வருடம் முதல் கிடாரம் பால் இல்லாமல், இரண்டாவது பாலோடு என்று முடிவானது. சிரட்டையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம், "அன்ரி, இதுவும் தன்சலா?" என்று கேட்டது. தன்சல் என்றால் வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு, குடிபானம் கொடுக்கிற இடம். வெசாக்கும் அதே மாதம்தானே. இராணுவ முகாமில் கொடுக்கிற தன்சலில் அதற்கு முந்திய கிழமைதான் ஐஸ்கிறீம் குடித்திருந்தது. பிள்ளையில் பிழையில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்தது கஞ்சி மட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடந்த சில வருடங்களாக ஒரு கட்சிக்காரர் பதாகையோடும் கமராவோடும் வந்து, அகப்பையை வாங்கி இரண்டு சிரட்டைக்கு ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போகும் வரை வயதானவர்கள் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. 2024 மே மாதம் திருகோணமலையின் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகவே பொலிஸார் சிலரைக் கைது செய்தார்கள். அவ்வளவு விலை கொடுத்துச் செய்கிற ஒன்று ஒருவருடைய விளம்பரத்துக்குப் போகக்கூடாது.

அரசாங்கத்திடம் கேட்க ஒன்றுதான் உண்டு, அதுவும் புதிதல்ல. போரில் பாதிக்கப்பட்ட எல்லோரையும் நினைவுகூரச் சுதந்திர தினத்தில் தனி நிகழ்வு வேண்டும் என்று அவர்களுடைய கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே 2011 இல் பரிந்துரைத்தது. 2015 இல் வெற்றி நாள் என்ற பெயரை எடுத்துவிட்டு நினைவு நாள் என்றார்கள். பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை கேட்ட பிறகு நாங்கள் சிலர் ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி, வாங்கினோம். பின்னேரங்களில் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர், வயது, எந்த இடத்தில், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதுகிறோம். செல்லில் செத்தவர், பாம்பு கடித்து மருந்தில்லாமல் செத்தவர், தப்பி வர விடாமல் எங்கள் ஆட்களே சுட்டதில் செத்தவர், எல்லாரையும் எழுதுகிறோம். கடைசியில் சொன்னதை எழுதுவதா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த அந்தத் தாய் எழுதச் சொன்னா. எழுதினோம். சில வீடுகளில் ஒரு பெயரோடு அழுகை வந்துவிடும். கொப்பியை மூடிவிட்டு இன்னொரு நாள் போவோம். வருகிற மே 18 இல் கஞ்சி ஊற்ற முதல் இந்தப் பெயர்களை ஊர்ப் பிள்ளைகளே வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மே மாதத்தில் கட்சிகளின் அறிக்கைகளுக்கு உங்கள் பத்திரிகை பல பக்கங்கள் ஒதுக்குகிறது. அதில் ஒரு பக்கத்தை வன்னியின் ஊர்களுக்குத் தாருங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊர், பெயரும் வயதும் மட்டும், படமோ தலைப்புச் செய்தியோ தேவையில்லை. குடும்பங்கள் சம்மதித்த பெயர்களை எங்கள் கொப்பியிலிருந்து எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறோம். மற்ற ஊர்களும் எழுதத் தொடங்கும் என்று நம்புகிறேன். உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
விசுவமடு வாசகி